மேல் லயம், கீழ் லயம், நடுவில் சண்முகவடிவு

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு முழுக்க, வட்டவளைக்கு மேலே சின்னமலைத் தோட்டத்தில், காளியாயியின் மகள் சண்முகவடிவு தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடிதான் கொழுந்தெடுத்தாள். கங்காணி முதல் நாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கூடை நிறைந்திருந்ததால் முழுநாள் கூலிக்கே பேர் போட்டுவிட்டார். கூட வேலை செய்த பெண்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். சரிவில் வழுக்கி விழவேண்டியதில்லை, கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகு, கீழ் லயத்தார், அதாவது கீழ்வரிசைக் குடியிருப்பில் இருந்தவர்கள், பீலிக் குழாயில் தண்ணீர் விழும் இடத்தில் கூடிக் கைதூக்கி எடுத்த எந்த முடிவும் உடனே பலிக்கவில்லை. முடிவு எதைப் பற்றியதோ அது மேலெழும்பி அந்தரத்தில் நிற்கும். மேல் லயத்தாரும் சரி என்றால் கோயில் மணி தானாக அடிக்கும், அதன் பிறகே இறங்கும். முதலில் ஏறியது திருவிழாவுக்கு வாங்கிய கிடா. கறுப்பா வெள்ளையா என்று மேல் லயம் இழுத்தடித்தது. ஆனால் கிடா வாங்கியது காசு விஷயம், அதை ஒரு மாதத்துக்கு மேல் அவர்களால் பிடித்து வைக்க முடியவில்லை. மாதம் முடிந்ததும் மணி அடித்தது, கிடா இறங்கியது. கூரைத் தகரத்தில் முளைத்த புல்லைத் தின்று நன்றாகக் கொழுத்திருந்தது.

தோட்டத்துப் பள்ளி வாத்தியார் செபமாலை பேப்பர் படிக்கிறவர்.

"கொழும்புலயும் இப்பிடித்தாங்க. கீழ பிரதிநிதிகள் சபை, மேல செனட் சபை. மணிக்குப் பதிலா மகாதேசாதிபதின்னு ஒரு தொரை."

"நமக்குத்தான் ஓட்டில்லன்னுட்டாங்களே, அப்புறம் இது எங்கேருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டான் ஒருவன்.

"புடுங்குனது எங்கயாச்சும் வந்து ஒதுங்கணும்ல!"

மேல் லயத்துக்குப் பாதி ஆட்களைக் கீழ் லயத்தாரே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். மீதிப் பாதியைப் பெரிய கங்காணி செல்லசாமி வைத்தார். நம் ஆள் நம் பக்கம் பேசுவான் என்று அனுப்பினால், அவனும் மேலே போன மறுநாளே தோளில் துண்டு போட்டு, தொண்டையைச் செருமி, "யோசிக்க வேண்டிய விஷயம்" என்று பேசப் பழகிவிடுவான். அந்த லயத்துக் காற்று அப்படி.

கீழ் லயத்துக் கூட்டத்தை நடத்தியவள் காளியாயி. மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற தொண்டை என்பதால் அவளை நடுவில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நடுவில் இருப்பவள் ஒரு பக்கமாகப் பேசக்கூடாது. பேச வாயெடுத்தால் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு பக்கமும் சரிசமமாகக் கை தூக்கினால் மட்டும் அவளுக்கு ஒரு வாக்கு. அப்படி ஒரு நாள் வரவே கூடாது என்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் அவள் மகள், கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும், மாதாகோயிலுக்குப் போகும் வேதக்காரப் பையன் லோரன்ஸைக் கட்டப்போவதாகக் கூட்டத்தில் சொன்னாள். காளியாயி இடத்தைவிட்டு எழுந்தாள். சாமிக்கு என்ன பதில் சொல்வது, சாதிசனம் காறித் துப்புமே! கத்தப் பார்த்தாள், காற்று வந்தது. தீர்மானம் நிறைவேறியது, சண்முகவடிவு எழும்பினாள்.

மேல் லயம் அதை ஒரே ஒரு திருத்தத்தோடு திருப்பி அனுப்பியது. லோரன்ஸ் என்ற இடத்தில் சிவசாமி என்று இருக்கவேண்டுமாம். சிவசாமி பெரிய கங்காணியின் அக்காள் மகன். திருத்தம் வேண்டாம் என்று கீழ் லயம் சொன்னது, விடமாட்டோம் என்று மேல் லயம் சொன்னது. இனி வழி ஒன்றுதான் என்றார் வாத்தியார். அடுத்த திருவிழா கழிந்து புதிய கூட்டத்தொடர் தொடங்கியதும் கீழ் லயம் அதே தீர்மானத்தை மறுபடி நிறைவேற்ற வேண்டும். அப்போதும் மேல் லயம் மறுத்தால், ஒரு மாதம் பொறுத்து மணி தானே அடிக்கும். மேலே இருப்பவர்கள் தாமதிக்கலாம், தடுக்க முடியாது.

அந்த வருடம் முழுக்க, ஸ்டோர் விட்டதும் லோரன்ஸ் வந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். காற்றில் அவள் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து யாரும் அதைக் குறை சொல்லவில்லை. செல்லசாமியும் சும்மா இருக்கவில்லை. திருத்தத்துக்குக் கை தூக்குகிறவர்களுக்கு மேல் லயத்தில் குடியிருக்க ஒழுகாத காம்பிரா என்று ஆள் அனுப்பினார். காளியாயியின் காம்பிராவில் மழைக்கு ஏழெட்டுச் சட்டி வைக்கவேண்டியிருந்தது. அவளுக்கும் ஆசை வந்தது. வராமல் இருக்குமா?

திருவிழா முடிந்து கூட்டம் கூடியது. பழைய தீர்மானமா, திருத்தமா? சரிசமமாகக் கைகள் நின்றன. எல்லோரும் காளியாயியைப் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு கூட்டத்தில் அவளுக்குக் குரல் வந்தது.

"சிவசாமி..." என்றாள், எப்படி இருக்கிறது என்று பார்க்க.

சண்முகவடிவு சட்டென்று கூரைக்கு மேலே போனாள். முந்தானை லோரன்ஸின் கையை விட்டு உருவிக்கொண்டது. மூடுபனியில் அவள் குதிகால்கள் மட்டும் தெரிந்தன, பிறகு அவையும் மங்கின. காளியாயி இரண்டு கையையும் மேலே நீட்டினாள். சாமியாவது, சாதிசனமாவது, காம்பிராவாவது!

"லோரன்ஸு! லோரன்ஸுதான்! எறங்குடி பாவி மகளே, எறங்கு!"

மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். மகள் பழைய ஒரு முழ உயரத்துக்கு வந்து நின்றாள். தீர்மானம் மேல் லயத்துக்குப் போனது. அவர்கள் செருமினார்கள், யோசித்தார்கள், மறுத்தார்கள். மாதம் முடிந்த காலையில், எல்லோரும் கொழுந்து மலையில் இருந்தபோது, கீழே கோயில் மணி அடித்தது. ஈர மண்ணில் சண்முகவடிவின் இரண்டு பாதமும் படிந்தன. கொஞ்ச நேரம் நிற்கத் தெரியாமல் தள்ளாடினாள். பிறகு அலறினாள்.

"ஐயோ ஆத்தா, அட்டை!"

காளியாயி குனிந்து பார்த்தாள். கணுக்காலில் கொழுத்த அட்டை ஒன்று தொங்கியது. அட்டைக்குப் போட மடியில் வைத்திருந்த உப்பை எடுத்தவள், போடாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கொஞ்சம் கடிக்கட்டும்டி. மண்ணுல நிக்கிறவளத்தான் அட்டை கடிக்கும்."

கங்காணி சத்தம் போட்டார். இருவரும் தேயிலை நிரைக்குத் திரும்பினார்கள்.