அம்மனுக்குப் பெரிய மூக்குத்தி

சிவகாசியில் காலண்டர் வடிவமைக்கும் பிரீத்திகா, விடுப்பு எடுத்து இருக்கன்குடி கோயிலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மன் படம் போட்ட காலண்டருக்கு ஆர்டர் கொடுத்த விருதுநகர் நகைக்கடைக்காரர் போனில் வந்தார்.

"அம்மன் முகத்துல களையே இல்லம்மா. இன்னைக்கே அச்சுக்குப் போகணும்."

பிரீத்திகா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டேப்லெட்டில் வரையும் செயலியைத் திறந்தாள். அடுத்த அடுப்புப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மூக்குத்தி எம்புட்டு சின்னதா இருக்கு! பெருசா வையி தாயி."

"கை நிறைய பச்சை வளையல் போடுங்க!"

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வரைந்து, அங்கிருந்தே அனுப்பினாள். கடைக்காரர் டேப்லெட்டிலேயே வீடியோவில் வந்து, "இப்பத்தாம்மா அம்மன்! அப்படியே அச்சடிச்சிருங்க" என்றார்.

பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஆபீஸ்ல என்னம்மா சத்தம்?" என்றார் கடைக்காரர்.

பிரீத்திகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டேப்லெட்டை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, தானும் சேர்ந்து குலவை போட்டாள்.