பாலை வென்ற சிவபாண்டியின் பின்சீட்டு

மதுரையில் ஒரு காரியம் முடிந்த பிறகு அதற்கு ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை. ஃப்ளெக்ஸ் வைத்த பிறகுதான் காரியம் நடக்கும். நடக்காமலும் போகும், அதைப் பற்றி ஃப்ளெக்ஸ் கவலைப்படாது.

திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் பதினாலு அடிக்கு நின்றது அந்த ஃப்ளெக்ஸ். கறுப்புக் கண்ணாடி போட்ட சிவபாண்டி, அவருக்குப் பின்னால் ஒரு ஒட்டகம், ஒரு பனிமலை, ஒரு கப்பல். என்ன காரணத்தாலோ ஒரு கழுகும் இருந்தது. ‘பாலை நடுங்க, மலை குலுங்க, கடல் கலங்க, இருபத்தொரு நாள் பயணம் புறப்படும் எங்கள் சூறாவளியே’ என்று மேலே எழுதியிருந்தது. கீழே சூறாவளி ரைடர்ஸ் கிளப் உறுப்பினர்கள் எட்டுப் பேரின் முகங்கள் வரிசையாக இருந்தன. தினமும் காலை ஏழரை மணிக்கு ஸ்கூட்டரில் அதைக் கடந்துபோன முத்துமீனாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்த மனுஷன் வருகிறார் என்று பாலைவனம் எதற்கு நடுங்க வேண்டும்?

முத்துமீனா சிவபாண்டியின் மனைவி. டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்த் தடுப்பூசி போடும் நர்ஸ். போக முப்பது, வர முப்பது என்று பன்னிரண்டு வருஷமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். இரண்டு வண்டி தேய்ந்து இப்போது மூன்றாவது. கணக்குப் போட்டால் பூமியை நாலு தடவைக்கு மேல் சுற்றியிருப்பாள். அதற்கெல்லாம் யாரும் ஃப்ளெக்ஸ் வைப்பதில்லை, வைக்கவும் அவள் விடமாட்டாள்.

சிவபாண்டிக்குத் தண்ணீர் மோட்டார் விற்கும் கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளப்பில் சேர்ந்தார், இருநூறு கிலோ எடையில் ஒரு பைக் வாங்கினார், உலகின் அழகான சாலைகளையெல்லாம் போனில் பார்த்து முடித்தார். எந்த நாட்டுக் கடற்கரைச் சாலையில் எத்தனை வளைவு, எந்தப் பாலைவனத்தில் எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். திருமங்கலத்துக்கு மட்டும் பஸ்ஸில் போவார். அந்த ரோட்டில் லாரி ஜாஸ்தியாம்.

முத்துமீனாவுக்கு இதிலெல்லாம் வருத்தமில்லை. அவளுடைய வருத்தம் வேறு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் மாதம், பழைய பைக்கின் பின்சீட்டில் அவளை வைத்துக்கொண்டு அவர் சொன்னார், “உன்னையத் தனுஷ்கோடி முனைக்குக் கூட்டிட்டுப் போறேன் மீனா. ரெண்டு கடலையும் ஒரே இடத்துல நின்னு பாக்கலாம்.” பிறகு மகள் பிறந்தாள், கடை திறந்தார்கள், மாமியாருக்கு முழங்கால் போனது, ஊரடங்கு வந்தது. ராமேஸ்வரத்துக்கு இரண்டு முறை வேனில் போனாள்தான். குளியலும் கும்பிடுமாக, பாதி நேரம் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முனைக்குப் போகவில்லை. இப்போது மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், வாசலில் புது பைக் நிற்கிறது. இனி என்ன என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

“இது சோலோ ரைடு மீனா,” என்றார் சிவபாண்டி. “பின்னாடி ஆள் இருந்தா பேலன்ஸ் போயிரும்.”

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

உண்மையில் அது சோலோ ரைடாக இருக்கவேண்டியதே இல்லை. சிவபாண்டி முன்னால் போக, எட்டுப் பேரும் போவதாகத்தான் பேச்சு. ஃப்ளெக்ஸ் ஏறியதும் ஒருவருக்குச் சர்க்கரை கூடியது, ஒருவருக்கு மச்சினன் கல்யாணம் வந்தது, ஒருவருக்குப் புறப்படும் வாரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. தலைவர் தங்கப்பாண்டிக்கு ரியல் எஸ்டேட்டில் முக்கியமான பத்திரப்பதிவு. தை மாதத்தில் இமயமலைச் சாலைகள் பனி மூடிக் கிடக்கும் என்ற விவரமும் அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. ஆனால் அச்சடித்தாகிவிட்டதே. திரும்பி வரும் தேதி போட்ட வரவேற்பு ஃப்ளெக்ஸும் சேர்த்தே அடித்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். சிவபாண்டிக்கு மறுக்க வழியில்லாமல் போனது.

பாண்டி கோவிலில் பூஜை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலையும் வெடியுமாக அனுப்பினார்கள். முத்துமீனா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை கிளப்பே விசிலடித்தது.

ஐந்தாம் நாள் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் பாலைவனம் வந்தது. மணல், மணல், ஒட்டகம், ஒட்டகத்துக்கு முன்னால் கையை விரித்துச் சிவபாண்டி. ஒட்டகத்தின் மீது ஒரு இரும்பு ஏணி சாய்த்திருந்தது. ராஜஸ்தானில் ஒட்டகத்துக்கு ஏணி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்பது தீ இமோஜிகளும் அறுபது கைதட்டல் இமோஜிகளும் விழுந்தன. பத்தாம் நாள் மலை வந்தது. ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, பின்னால் கரும்பாறை. நெற்றியில் வியர்வை வழிகிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, அது பனி உருகியது என்று தங்கப்பாண்டியே பதில் எழுதினார். முத்துமீனாவுக்கு அந்தப் பாறையை நாகமலைப் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நம்மூர்ப் பாறை மாதிரி ஊருக்கு ஊர் பாறை இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கடல் வந்தது. ‘அரபிக்கடல் ஓரம் உங்கள் சூறாவளி’ என்று போட்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். முத்துமீனா போனை மடியில் வைத்துப் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், டிபன் பாக்ஸை மூடினாள். படத்தின் இடது ஓரத்தில் இரண்டு கல்தூண்கள் நின்றன. மாடக்குளம் கண்மாயின் மடைத்தூண்கள். அவள் பிறந்து வளர்ந்த ஊரின் கண்மாய். அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நீச்சல் பழகினாள். ஒன்றின் தலை உடைந்திருப்பதுகூட மாறவில்லை. அரபிக்கடலுக்கு மடை வைத்துப் பாசனம் செய்வதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

சிவபாண்டி ஒளிய ஒரே இடம்தான் உண்டு. கோச்சடையில் டயர் கடை வைத்திருக்கும் சுலைமான், அவருடைய பள்ளிக்கூடத் தோழர். வேலை முடிந்ததும் நேராக அங்கே போனாள். சுலைமானின் மனைவி நஜ்முன்னிசா கதவைத் திறந்தாள்.

“வாங்க மதினி. நானே போன் போடலாம்னு இருந்தேன். பதினஞ்சு நாளா அண்ணனுக்கு ஆக்கிப் போடுறேன். ஒரு நாள் ரசம் கேக்குறாரு, ஒரு நாள் பிரியாணி கேக்குறாரு. இமயமலையில இருக்குறவருக்கு எம்புட்டுப் பசி.”

உள்ளே கைலியோடு உட்கார்ந்து, ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைச் சாலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார் சூறாவளி. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்த சுலைமான், கடையில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நழுவினார். யாரும் கூப்பிடவில்லை.

“வாடிப்பட்டி தாண்டல மீனா,” என்றார் சிவபாண்டி. “லாரி ஒண்ணு ஒட்டி வந்து ஹாரன் அடிச்சான். வண்டி ஆடிப்போச்சு. டீக்கடையில நிறுத்தலாம்னு பாத்தா நிக்க மாட்டேங்குது, அப்படியே சாஞ்சிருச்சு. நாலு பேரு வந்து தூக்கிவிட்டாங்க. கழுத்துல மாலை வேற கெடந்துச்சு. அதுக்கப்புறம் கை நடுக்கம் நிக்கவே இல்ல.”

வரும் வழியெல்லாம் கேள்வி கேள்வியாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவர் கையைப் பார்த்ததும் பாதி மறந்துபோனது. ஒன்று மட்டும் மறக்கவில்லை.

“பயந்தது தப்பில்லங்க. எனக்குந்தான் மொத மொதல்ல பயம். ஊருக்குப் பொய் சொன்னதையும் விடுங்க, அது உங்க கிளப்பு பாடு. என்னைய ஏத்துனா பேலன்ஸ் போயிரும்னு சொன்னீங்கள்ல, அதைத்தான் என்னால தாங்க முடியல.”

சிவபாண்டி ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தினார்.

“வரவேற்புக்கு இன்னும் அஞ்சு நாளு இருக்கு. லீவு போட்டுட்டேன். காலையில அஞ்சு மணிக்கு வாரேன், ரெடியா இருங்க. பின்னாடி உக்காந்தாப் போதும். பேலன்ஸை நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் ஸ்கூட்டர் கிழக்கே கிளம்பியது. இருநூறு கிலோ பைக் சுலைமானின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் ஓய்வெடுத்தது. முதல் ஒரு மணி நேரம் சிவபாண்டி பின்னாலிருந்து இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தபடி வந்தார். மானாமதுரையில் மிதிப்பது குறைந்தது. பரமக்குடியில் டீ குடித்தபோது, பாதையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். பாம்பன் பாலத்தில் காற்று அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“தொறங்க. இதுக்குத்தான வந்தோம்,” என்றாள் முத்துமீனா, திரும்பிப் பார்க்காமலே.

தனுஷ்கோடி முனையில் தார்ச் சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். ஒரு பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது, மறுபக்கம் அலை எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அடங்கிக் கிடப்பதற்குப் பெண் கடல், அடித்துக்கொள்வதற்கு ஆண் கடல் என்று பேர் என்றார் சங்கு விற்றவர். எந்த வீட்டைப் பார்த்து வைத்தார்களோ என்று முத்துமீனா நினைத்தாள். பிறகு நினைப்பதையும் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக மனதில் வரைந்து வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். சிவபாண்டி அவள் தோளில் கைபோட்டார். சங்கு விற்றவரே ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

அங்கிருந்து கடற்கரைச் சாலையிலேயே சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி போனார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் செம்மணல் மேடுமேடாகக் கிடந்தது. ஒட்டகம் இல்லை, ஏணியும் இல்லை, நிஜமான மணல். தென்காசி வந்து செங்கோட்டை தாண்டி மலைச்சாலையில் ஏறினார்கள். முத்துமீனா வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, லாரிக்கு வழி விட்டு, லாரியிடம் வழி வாங்கி, சந்தைக்குப் போகிறவள்போல ஓட்டினாள். பாலையும் மலையும் கடலும் ஒன்றுகூட நடுங்கவில்லை. திரும்பும் வழியில் ராஜபாளையம் தாண்டியதும் நேர்ச்சாலையில் சிவபாண்டி கேட்டார்.

“கொஞ்ச தூரம் நான் ஓட்டவா?”

கொடுத்தாள். நாற்பதுக்கு மேல் போகவில்லை, ஆனால் கை நடுங்கவில்லை. லாரி ஒன்று ஒட்டிப் போனபோது தோளை மட்டும் லேசாகக் குறுக்கினார். டி. கல்லுப்பட்டியில் மறுபடி அவளிடமே கொடுத்தார்.

இருபத்தோராம் நாள் சாயங்காலம் திருமங்கலத்தில் வண்டியை ஓரங்கட்டினாள் முத்துமீனா. அவர் இனிச் செய்யப்போவதுதான் அவளுக்கு முக்கியம். கடலைப் பார்த்தாயிற்று. அந்தப் பின்சீட்டில் ஊரறிய உட்காருவாரா என்பதுதான் மிச்சம்.

“கோச்சடைக்குச் சுத்திப் போய் உங்க பைக்கை எடுத்துட்டு வரணும்னா இப்பச் சொல்லுங்க. இறக்கிவிட்டுட்டு நான் வீட்டுக்குப் போறேன்.”

சிவபாண்டி எதிர்ப்பக்கம் போன நாலைந்து பஸ்களை எண்ணுவதுபோலப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

“நேரா திருநகருக்கே விடு.”

இரண்டாவது ஸ்டாப்பில் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஸ்கூட்டரைப் பார்த்து ஓரம் போகச் சொன்னார்கள். பின்சீட்டில் இருப்பது யார் என்று தெரிந்ததும் மேளம் தடுமாறி, மறுபடி எழும்பியது. தங்கப்பாண்டி ஓடி வந்து காதோடு சொன்னார், “அண்ணே, பைக்கு லாரியில வருதுன்னு சொல்லிருவோம், நீங்க கம்முனு இருங்க.” மைக்கைக் கையில் கொடுத்தார்.

சிவபாண்டி கம்மென்று இருக்கவில்லை. “நான் வாடிப்பட்டி தாண்டல. மணல் வைகை ஆறு. மலை நாகமலை. கடல் மாடக்குளம் கண்மாய். நெசமாப் போனதெல்லாம் இந்த அஞ்சு நாளாத்தான், அதுவும் என் பொண்டாட்டி ஓட்டி, நான் பின்னாடி உக்காந்து,” என்றார்.

முத்துமீனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிறகு கைதட்டல் காதைப் பிளந்தது. இமயமலை ஏறிவிட்டு வாடிப்பட்டி என்கிறாரே, என்ன ஒரு தன்னடக்கம் என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாட்சிக்குத் தனுஷ்கோடிப் படத்தைக் காட்டினார் சிவபாண்டி. அதை வாங்கிப் பார்த்தவர்கள், இது மட்டும் கிராபிக்ஸ் மாதிரி இருக்கிறது, மாடக்குளம்தான் நிஜக் கடல்போல இருந்தது என்றார்கள்.

மூன்றாம் நாளே புது ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ‘தன்னடக்கத்தின் சிகரமே’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே தனுஷ்கோடியில் சிவபாண்டி. இடம் பத்தவில்லை என்று பக்கத்தில் நின்ற முத்துமீனாவை வெட்டிவிட்டிருந்தார்கள். அவள் தோளில் கிடந்த அவர் கை மட்டும் மிச்சம். ஆக, இரண்டு கடலுக்கு நடுவே காற்றின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தபடி நின்றார் மனுஷன்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தவள் அதன் கீழே வண்டியை நிறுத்தி, வயிறு வலிக்கச் சிரித்தாள். சிவபாண்டி கடையைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேதான் நின்றிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் காலி இடத்தைக் காட்டி, “இங்க என் பொண்டாட்டி நிக்கிறாங்க,” என்று விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை; அவரும் விடுவதாக இல்லை. அவளைப் பார்த்ததும் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

“அடுத்து எப்பக் கிளம்புறோம் மீனா?”

“நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தா சொல்றேன்,” என்று வண்டியைக் கிளப்பினாள்.