வேகவைத்த நல்ல கிருமிகள்

1

இந்தக் கதை ஒரு பொட்டலத்திலிருந்து வந்தது. தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் பொடி. இதிலுள்ள நல்ல கிருமிகள் குடலில் பெருகினால் கழிச்சல் நிற்கும், குட்டி எடை போடும் என்றார் விற்க வந்தவர். அண்ணி வாங்கினாள். அண்ணன் சிரித்தான்.

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: ‘தாயைப் பிரிந்த துயரத்தில் குட்டிகள் யாவும்…’

வேண்டாம். குட்டிகள் துயரப்படவில்லை. கழிந்துகொண்டிருந்தன.

2

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். கொதிக்காத எதையும் நம்பமாட்டாள். (என் தண்ணீர் பாட்டிலைக்கூட ஒருமுறை கொதிக்கவைத்து நெளித்துவிட்டாள். கதைக்குத் தேவையில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.)

“கிருமின்னு வித்தவரே சொல்லிட்டாரு. அப்படியேவா குடுப்பாங்க?” என்று பொடியைக் கஞ்சியில் கொட்டித் தளதளவென்று கொதிக்கவிடுகிறாள்.

“ஏம்மா டாக்டரம்மா, உன் பேஷண்டுங்க இன்னைக்கும் நிறுத்தலையே? சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுருவேன்” என்கிறான் அண்ணன்.

“தள்ளுங்க. முதல்ல என்னைத் தள்ளிட்டு அதுங்களைத் தள்ளுங்க.”

அண்ணி சும்மா சொல்லவில்லை. அந்தத் தாய்ப்பன்றி அவள் வளர்த்தது. குட்டிகள் போனால் கொட்டகையில் அவள் பேச்சு எடுபடாது.

3

இங்கே பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்த ஒருத்தி தேவை. ‘சூடான எதிலும் கலக்காதீர்கள், உள்ளே இருப்பவை உயிருள்ளவை.’

பக்கத்து வீட்டுக்காரியை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவளாக இருந்தால் இதற்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட, வாய் திறக்காத நாத்தனார்தான் சரி.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தாள்.

“அண்ணி, அந்தப் பொடி…”

“என்ன, உங்கண்ணன் சொல்லி அனுப்பினாரா?”

அதோடு வாய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் காதில் விழுந்தாலோ, கிருமியை வேகவைத்த கதையை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

4

முடிவு அ: எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறாள். குட்டிகள் தேறுகின்றன. (தேறுமா? பொடி என்ன மந்திரமா?)

முடிவு ஆ: சொல்லவில்லை. சனிக்கிழமை வண்டி வந்து

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

முடிவு இ: இதை எழுதும்போதுதான் தோன்றியது. அண்ணி ஆசைப்படி கொதிக்கவைக்கட்டும். இறக்கிவைத்த கஞ்சி ஆறியதும் நாத்தனார் இன்னொரு கரண்டிப் பொடியை யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுகிறாள். குட்டிகள் பிழைத்தால் பெயர் அண்ணிக்கு.

அண்ணி இப்போது கை கழுவப் போயிருக்கிறாள். கஞ்சி வாளியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. சனிக்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.