இரண்டு விரல் உயரம் கூடிய ஜீப்

எக்ஸ்ரேக்காரரின் ஜீப்புக்கு வயது இருபத்தெட்டு. பழைய வண்டியாக அவர் வாங்கியபோது மற்ற ஜீப்புகளைப் போலத்தான் இருந்தது. அவர் கைக்கு வந்த பிறகுதான் வருடத்துக்கு ஒரு சுற்று வளர ஆரம்பித்தது. முதலில் சக்கரங்கள் லாரிச் சக்கரம் கணக்காகப் பெருத்தன. சக்கரத்துக்கு இடம் விட வேண்டும் என்று ஸ்பிரிங்குகள் உயர்ந்தன. ஆற்றில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சுவிட வேண்டுமே என்று பக்கவாட்டில் ஒரு நீண்ட குழாய் முளைத்தது. சேற்றில் மாட்டினால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள முன்னால் இரும்புக் கயிற்று உருளை. கூரைமேல் மடக்குக் கூடாரம். அது ஆடக் கூடாது என்று சட்டத்தைக் கூரையோடு சேர்த்து வெல்டிங். எஞ்சின் சத்தம் காதை அடைக்கிறது என்று கதவு, தரை, கூரை எங்கும் ரப்பரும் கம்பளியுமாக மூன்று அடுக்கு.

இவ்வளவு செய்தும் அந்த ஜீப் ஆற்றையும் பார்த்ததில்லை, சேற்றையும் பார்த்ததில்லை. எக்ஸ்ரேக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவது ஸ்கூட்டரில். ஞாயிறு காலையில் மட்டும் ஜீப்பில் ஏறி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஏதோ மலையேறி இறங்கியவர் மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவார்.

ஒருமுறை ஸ்பிரிங் தகடு ஒன்றின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். அந்தப் படம் மற்ற நோயாளிகளின் படங்களோடு கலந்து பெரிய டாக்டர் மேசைக்குப் போய்விட்டது. அவர் பார்த்துவிட்டு, "எலும்பு மிக உறுதி. மெல்லிய விரிசல் தெரிகிறது. மூன்று வாரம் நடமாட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினார். எக்ஸ்ரேக்காரர் மூன்று வாரம் ஜீப்பை வெளியே எடுக்கவில்லை. அதற்கு முன்னாலும் எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவர் மனைவி கணக்கு டீச்சர். ஜீப்பில் ஏற அவருக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். ஏறியபின் அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். "இதை வித்துத் தொலைச்சுட்டு, கதவைத் திறந்தா உக்காரலாம்ங்கற மாதிரி ஒரு சின்ன கார் வாங்குங்க" என்று பதினொரு வருடமாக மாதம் ஒருமுறை சொல்லிவந்தார். எக்ஸ்ரேக்காரரும் "பாக்கலாம்" என்று சொல்லிவந்தார். அந்தச் சனிக்கிழமை காலையில் என்ன நினைத்தாரோ, பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வித்துடறேன்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் டீச்சர் பாதி மென்றதை விழுங்க மறந்தார். கல்லூரிக்குப் போகும் மகள் அம்மாவைப் பார்த்தாள். கூடவே இருந்த மாமனார், லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், கூரையைப் பார்த்தார்.

"நிஜமாவா?" என்றார் டீச்சர்.

"நீதானே சொன்னே."

"சொன்னேன்… சொன்னேன்தான்."

இந்த வீட்டில் ஒருவருக்கும் தன் ஜீப்பைக் கண்டால் ஆகாது என்பது எக்ஸ்ரேக்காரரின் நெடுநாள் மனக்குறை. ஒருவரும் தடுக்காததில் இப்போது அது கண்ணெதிரே ஊர்ஜிதமாகிவிட்டது போல் இருந்தது. ரோஷத்தோடு எழுந்து, விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

ஜீப்பின் பின் கதவைத் திறந்ததும் டிரம்பெட் முழக்கம் ஒன்று முகத்தில் அறைந்தது. அவருக்கு முன்னாலேயே படியிறங்கி ஓடிவந்திருந்த மகள் உள்ளே உட்கார்ந்து, கன்னம் இரண்டும் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ரெண்டு வருஷமா இங்கதான்ப்பா பிராக்டிஸ். கதவைச் சாத்திட்டா வெளிய ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கம்ப்யூட்டர் கிளாஸ் போறேன்னு நினைச்சுட்டு இருக்காங்க. வித்துட்டா நான் எங்கப்பா போவேன்?"

அவர் பதில் சொல்வதற்குள் மேலே கூடாரத்தின் ஜிப் திறந்தது. மாமனார் தலையை நீட்டினார். பின்பக்க ஏணி வழியாக அவர் எப்போது ஏறினார் என்று தெரியவில்லை.

"மாப்பிள்ளை, முப்பத்தஞ்சு வருஷம் ஒரு பெட்டிக்குள்ள மேலயும் கீழயும் போய்ட்டு வந்தவன் நான். மேல போய் அப்படியே நின்னுடறதுல இருக்கற சுகம் உங்களுக்குப் புரியாது. என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. விழுந்துடுவேன்னு கத்துவா."

அன்று சாயங்காலம் டீச்சரே விடைத்தாள் கட்டோடு முன்சீட்டில் அகப்பட்டார். ஸ்டூல் வெளியே நின்றது. "வீட்டுல உக்காந்தா நிமிஷத்துக்கு ஒருத்தர் கூப்பிடறீங்க. இங்க உக்காந்தாத்தான் கூட்டல் சரியா வருது" என்றார் தலையைத் தூக்காமலே. "ஆனா நான் விக்கச் சொன்னது சொன்னதுதான். எனக்காக ஒண்ணும் யோசிக்க வேண்டாம்."

எக்ஸ்ரேக்காரருக்குத் தலை சுற்றியது. யாருக்கும் வேண்டாம் என்று நினைத்து விற்கக் கிளம்பினால், எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் ஒருவர்கூட அதை இன்னொருவர் காதுபட ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. அதற்குள் விளம்பரமும் போய்விட்டது.

ஞாயிறு காலை ஒருவர் வந்தார். நர்சரிப் பள்ளி வாத்தியார். தேக்குமரம் மாதிரி ஆள். குரல் மட்டும் கம்மிப்போய்க் கிடந்தது. எக்ஸ்ரேக்காரர் இரும்புக் கயிற்று உருளையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விளக்கினார். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "உள்ள உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டு, ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து நிமிடம் ஆனது. இருபதும் ஆனது. எக்ஸ்ரேக்காரர் கண்ணாடியைத் தட்டினார். வாத்தியார் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைக் காட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் இறங்கியபோது அவர் முகம் கழுவி விட்டாற்போல் தெளிந்திருந்தது.

"சார், எனக்கு நாப்பத்திரெண்டு பசங்க. எல்லாம் மூணரை வயசு. எல்லாருக்கும் ஒரே நேரத்துல என்கிட்ட ஏதோ சொல்லணும். நான் எடுத்துக்கறேன்."

"ஓட்டிப் பாக்க வேண்டாமா?"

"ஓட்டணுமா?" என்றார் வாத்தியார், உண்மையிலேயே புரியாமல்.

எக்ஸ்ரேக்காரருக்குச் சுருக்கென்றது. பதினொரு வருட உழைப்பை ஒருவர் அறை வாடகைக்குப் பார்ப்பதுபோல் பார்த்தால் எப்படி? வாத்தியாரை வற்புறுத்திப் பக்கத்தில் உட்காரவைத்து எஞ்சினைக் கிளப்பினார். ஒரே திருகலில் உறுமியது. பெருமை பொங்க கேட்டை நெருங்கியவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார்.

கேட்டின் மேல் குறுக்காக, மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்த இரும்புக் குழாய் ஒன்று நின்றது. கூடாரச் சட்டத்தைவிட நான்கு விரல் தாழ்வாக.

குடியிருப்புச் செயலாளர் ஓடிவந்தார். "போட்டு ரெண்டு மாசமாச்சு சார்! லாரிங்க உள்ள பூந்து மரத்தை ஒடிக்குதுன்னு தீர்மானம் போட்டோமே. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தார். ஸ்கூட்டரில் போகிறவர் எதற்கு அண்ணாந்து பார்க்கப் போகிறார்?

"அதைக் கொஞ்சம் கழட்டுங்களேன்."

"பொதுக்கூட்டம் கூடித்தான் கழட்டணும். அது மூணு மாசம் கழிச்சு."

"நல்லதாப் போச்சு" என்றார் வாத்தியார். "எங்க தெருவுலயும் நிறுத்த இடம் கிடையாது. இங்கயே நிக்கட்டும். நான் தினம் சாயங்காலம் வந்து உக்காந்துட்டுப் போறேன்."

மாடியிலிருந்து டீச்சர் குரல் வந்தது: "அதுவும் சரிதானே! வித்த மாதிரியும் ஆச்சு, இருக்கற மாதிரியும் ஆச்சு!"

"ஆகாது" என்றார் செயலாளர். "வெளியாள் வண்டி இங்க ஒரு நாளைக்கு மேல நிக்கக் கூடாது. ஏழாவது விதி. வித்தீங்கன்னா அது வெளியாள் வண்டி. அப்போ வெளிய போயாகணும். ஆனா…" அண்ணாந்து குழாயைப் பார்த்தார். தான் போட்ட விதியிலேயே தான் அகப்பட்டுக்கொண்டது அவருக்கும் தெரிந்தது. "எனக்கே ஒண்ணும் புரியலை சார்."

அப்போதுதான் எக்ஸ்ரேக்காரருக்குக் கோபம் வந்தது. காட்டையும் மேட்டையும் கலக்க வேண்டிய வண்டி, சொந்த வீட்டுக் கேட்டைத் தாண்ட முடியாமல் பல்லிளித்து நிற்கிறது. விற்பதா வேண்டாமா என்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் இது வெளியே போக வேண்டும். குனிந்து நான்கு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். ஜீப் முனகிக்கொண்டே இறங்கியது. இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது.

டீச்சர் கீழே வந்து ஸ்கேலால் அளந்தார். மாமனாரை உள்ளே ஏறச் சொல்லி மறுபடி அளந்தார். விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "ஒரு ஆள் ஏறினா மூணு மில்லிமீட்டர் இறங்குது. பத்துப் பேர் வேணும்."

குடும்பத்தில் நான்கு, வாத்தியார் ஐந்து. சத்தம் கேட்டு வந்த தரைத்தளத் தம்பதி ஏழு. அவர்களைப் பார்க்க வந்திருந்த மைத்துனர் எட்டு. காவலாளி ஒன்பது. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"நான் எதுக்கு?"

"நீங்க நல்ல கனம் சார்" என்றார் டீச்சர் மரியாதையாக.

பத்துப் பேரும் ஒருவர் மடியில் ஒருவராக அடைந்தார்கள். எக்ஸ்ரேக்காரர் கியரைப் போட்டு நத்தை வேகத்தில் நகர்த்தினார். மேலே 'கிரீச்' என்று ஒரு நீண்ட சத்தம். குழாயின் மஞ்சள் பெயின்ட்டைக் கொஞ்சம் வழித்துக்கொண்டு ஜீப் தெருவுக்கு வந்துவிட்டது.

"நிறுத்துங்க, நான் இறங்கறேன்" என்றார் செயலாளர்.

"காத்தடிச்சுட்டு நிறுத்தறேன் சார்."

காற்றடிக்கும் கடை இரண்டு தெரு தள்ளி. இரண்டாவது தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைக் குவித்து, பள்ளத்தில் இடுப்பளவு சேறு கட்டி நின்றது. பைக்குகள் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டார்.

ஜீப் பள்ளத்தில் இறங்கியது. கண்ணாடி வரைக்கும் சேறு வாரி அடித்தது. செயலாளர் காவலாளியைக் கட்டிக்கொண்டார். மாமனார் "இன்னும் கீழ! இன்னும் கீழ!" என்று குதூகலித்தார். மகள் டிரம்பெட்டை எடுத்து முழங்க ஆரம்பித்தாள். டீச்சர் அப்போதுதான் மகளிடம் டிரம்பெட் இருப்பதைத் தெரிந்துகொண்டு, அந்த நெரிசலிலும் அவளைத் திட்ட ஆரம்பித்தார். மூன்று அடுக்கு ரப்பரும் கம்பளியும் வெளிச் சத்தத்தை உள்ளே விடாததைப் போலவே, உள் சத்தத்தில் ஒரு துளியையும் வெளியே விடவில்லை. நடுவில் வாத்தியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

காற்றுப் போன சக்கரங்கள் சேற்றைப் பாய் மாதிரி அகலமாகப் பற்றின. எதுவும் நடக்காததுபோல் ஜீப் மறுகரையில் ஏறியது. சிரிக்கிறோமா அழுகிறோமா என்று எக்ஸ்ரேக்காரருக்கே தெரியவில்லை.

காற்றுக் கடையில் முதலில் இறங்கியது வாத்தியார். "மன்னிச்சுக்குங்க சார், எனக்கு இது வேண்டாம். இதுக்கு என் கிளாஸ் எவ்வளவோ தேவலை. அங்க ஒண்ணாவது தூங்கும்" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

காற்றடித்ததும் ஜீப் பழைய உயரத்துக்கு எழுந்தது. இனி உள்ளே போக வேண்டுமானால் மறுபடி காற்றைப் பிடுங்க வேண்டும். பத்துப் பேர் வேண்டும். செயலாளர் இனி தலைகீழாக நின்றாலும் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்து, மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு சுற்று வழியாக நடந்தே போய்விட்டார். குடும்பத்தார் நால்வரும் ஜீப்போடு நின்றார்கள்.

"என்ன செய்யறது? விக்கறதா, வேண்டாமா?" என்று எக்ஸ்ரேக்காரர் நேருக்கு நேராகக் கேட்டார். "இப்போ ஒருத்தர் முன்னால ஒருத்தர் சொல்லுங்க."

டீச்சர் முந்தானையில் இருந்த சேற்றைச் சுரண்டினார். "நான் விக்க வேண்டாம்னு சொல்லலை" என்றார். "ஆனா விடைத்தாள் இன்னும் ரெண்டு கட்டு பாக்கி இருக்கு."

மற்ற இருவரும் அவசர அவசரமாகத் தலையாட்டினார்கள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எக்ஸ்ரேக்காரர் பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி, எக்ஸ்ரே கட்டடத்தை ஒட்டிய காலி இடத்தில் ஜீப்பை நிறுத்தினார். மகள் கல்லூரி விட்டு நேராக அங்கே வந்தாள். கம்ப்யூட்டர் கிளாஸ் என்று இனி பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமனார் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு பஸ் பிடித்து வந்து கூடாரத்தில் ஏறினார். டீச்சர் நான்கு மணிக்கு, மகள் ஊதி முடித்த பிறகு.

அடுத்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் எக்ஸ்ரே அறை வழக்கத்துக்கு மாறாகக் காலியாக இருந்தது. எக்ஸ்ரேக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். நோயாளிகள் எல்லாம் ஜீப்புக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்சீட்டிலிருந்து டீச்சர் சிவப்புப் பேனாவால் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்து கேட்டாங்க, இது நடமாடும் எக்ஸ்ரேவான்னு. இல்லைன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு, நம்பர் போட்டுக் குடுத்துட்டேங்க" என்றார். "முதல் நம்பர் அந்த முழங்கைக்காரர். கூட்டிட்டுப் போங்க."