வெள்ளைச் சட்டை துவைக்கும் நாட்களில்

அறையில் யாரும் நெருப்புப் பற்றவைக்கவில்லை. ஊதுபத்தி இல்லை, சிகரெட் இல்லை, சமையலறை அடுப்பும் அணைந்துதான் கிடந்தது. இருந்தும் கூரையில் பொருத்தியிருந்த புகை மணி அலறியது. குளியலறையில் சட்டை துவைத்துக்கொண்டிருந்த துவாரகன் ஈரக் கையோடு ஓடிவந்து, மேல் கட்டிலில் ஏறி அதன் பொத்தானை அழுத்தினான். சத்தம் நின்றது. காரணம் மட்டும் விளங்கவில்லை. இப்படி நடப்பது இது முதல் தடவையும் இல்லை.

வளைகுடா நகரம் ஒன்றின் அல் குசைஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடம். அந்த அறையில் ஆறு பேர். வீட்டு ஒப்பந்தம் பழனிச்சாமியின் பெயரில் இருந்தது. ராமநாதபுரத்துக்காரர், கட்டுமான சைட்டில் ஃபோர்மேன். பலதியா, அதாவது அந்த ஊர் நகராட்சி, புது விதி கொண்டுவந்திருந்தது: வீட்டைப் பலருக்குப் பகிர்ந்து வாடகைக்கு விடுகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டும், அறைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு, பலகை வைத்துத் தடுக்கக் கூடாது, புகை மணி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். விதியில் நியாயம் இருந்தது. பலகைத் தடுப்புக்குள் தூங்குகிறவனுக்குத் தீப்பிடித்தால் வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஆகவே பழனிச்சாமி முணுமுணுக்காமல் பலகைகளைப் பிரித்து வெளியே போட்டார். புது மணியும் வந்தது. அது கீழே காவலாளி அறையோடு இணைக்கப்பட்டிருந்ததால், இங்கே அலறினால் அங்கேயும் அலறும்.

அலறியதும் கட்டட அலுவலகத்து முகம்மது ரிபாய் மூச்சிரைக்க மாடியேறி வருவார். கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். அன்று மாலை, எல்லோரும் டூட்டி முடிந்து வந்த பிறகு, அவர் மறுபடியும் வந்தார்.

"பழனிச்சாமி, பலதியா ஆளு வர்ற வாரத்துல இப்படிச் சும்மாச் சும்மா அடிச்சுச்சுன்னா, இந்த ரூமுக்கு நான் பெர்மிட் கேக்க முடியாது. ஃபேமிலிக்கு விட்டுருன்னு ஓனர் சொல்றாரு. பகல்ல ரூம்ல இருக்கறது யாரு? இந்தத் தம்பிதானே?"

"நான் ஒண்டும் பத்தவைக்கேல்லை அண்ணை. சத்தியமா" என்றான் துவாரகன்.

"நான் நம்புறேன் தம்பி. மணி நம்ப மாட்டேங்குதே."

அவர் படியிறங்கிப் போனார். துவாரகன் கோப்பாய்க்காரன், இருபத்துநாலு வயது. அவன் வேலை பார்த்த கப்பல் சரக்கு அலுவலகம் மூடப்பட்டுவிட்டது. சம்பளத்தில் இருந்தபோது கட்டிவந்த வேலையிழப்புக் காப்பீடு இப்போது சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். அதற்குள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் நாட்டைவிட்டுப் போனால் காப்பீடு நின்றுவிடும். இந்தக் கட்டில் போய்விட்டால் அவன் ஊருக்குத்தான் போக வேண்டும். விதி வந்த பிறகு எல்லா அறைகளிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். புது ஆளைச் சேர்ப்பவர் எவருமில்லை.

"உன்னப் போகச் சொல்ல எனக்கு வாய் வரலப்பா" என்றார் பழனிச்சாமி. "ஆனா மத்த அஞ்சு பேரும் ரோட்டுல நிக்கக் கூடாது பாரு. பலதியா ஆளு வர்றதுக்குள்ள ஏதாச்சும் வழி பண்ணு."

மேல் கட்டிலிலிருந்து சுரேஷ்குமார் எட்டிப் பார்த்தான். "அண்ணே, ஒண்ணு கவனிச்சீங்களா? இவன் இண்டர்வியூ போற அன்னிக்குத்தான் அடிக்குது. மணிக்கே இவனுக்கு வேல கெடைக்கறது புடிக்கல போல."

எல்லோரும் சிரித்தார்கள். துவாரகன் சிரிக்கவில்லை. சுரேஷ்குமார் கேலியாகச் சொன்னது உண்மை. நேர்முகத் தேர்வு இல்லாத நாட்களில் அவன் பகல் முழுக்க அறையில்தான் கிடந்தான். மணி வாய் திறந்ததில்லை.

அந்த நாட்களில் மட்டும் அவன் வேறென்ன செய்கிறான்? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அவனிடம் ஒன்றுதான் இருந்தது. போய்விட்டு நடுப்பகலில் வியர்த்து வழிந்து திரும்புவான். அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்று உடனே துவைத்துப் போடுவான். துவைத்தால் புகை வருமா?

அடுத்த நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த அன்றும் மணி அடித்தது. அன்று அவன் ஏறுவதற்கு முன் துண்டால் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டான். பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்தால் விரல் மறுபடியும் நனைந்திருந்தது. இத்தனை நாளும் அது தன் கை ஈரம் என்றே நினைத்திருந்தான். ஈரம் மணியின் மேல் இருந்தது. மணியோ குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரம்போல் சில்லிட்டிருந்தது.

அவன் கீழே இறங்கி, குளிர்பெட்டியிலிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் பிடித்தான். டம்ளரின் வெளிப்புறம் நொடியில் வெளுத்து, துளித்துளியாக வியர்த்தது. அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. ரிபாயையும் மேலே அழைத்தான்.

"அண்ணை, இது புகையில்லை. புகார்."

"ஏற்கெனவே ரிபாய் பாய் சொல்ற புகார் போதாதா, நீ வேறயா?" என்றான் சுரேஷ்குமார்.

"அந்தப் புகார் இல்லையடா. எங்கட ஊரில விடியக்காலமை வயலில நிக்குமே, அது."

"பனிமூட்டம்னு சொல்லுடா!"

"அதுதான். மணிக்குப் புகையும் புகாரும் ஒண்டுதான்."

அவன் பொறுமையாகச் சொன்னான். மணிக்குள் ஒரு சின்ன இருட்டறை இருக்கிறது. அதில் ஒரு குட்டி விளக்கும், ஒளியைப் பார்க்கும் ஒரு கண்ணும் உண்டு. விளக்கு கண்ணை நேராகப் பார்க்காமல் கோணலாக நிற்பதால், சாதாரண நேரத்தில் கண்ணுக்கு எல்லாம் இருட்டு. புகை புகுந்தால் அதன் துகள்களில் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறும். கொஞ்சம் கண்ணிலும் விழும். உடனே மணி அடிக்கும். ஒளியைச் சிதறடித்தது கரித்துகளா நீர்த்துளியா என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது.

நீர்த்துளி எங்கிருந்து வந்தது? கோடையில் இந்த ஊர்க் குழாய்கள் தலைகீழ். மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்வதால், குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் கை பொறுக்காத வெந்நீர் வரும். குளிப்பதற்கு எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பார்கள். ஹீட்டர் தொட்டி ஏசி குளிர்ச்சி உள்ள வீட்டுக்குள் இருப்பதால் அதில்தான் குளிர்ந்த நீர் கிடைக்கும். துவாரகன் மட்டும் காலர் அழுக்குப் போக, நடுப்பகலில் அந்தக் கொதிக்கிற குழாயைத் திறந்து சட்டையை ஊறவைத்தான். கதவைத் திறந்ததும் ஆவி அறைக்குள் வந்தது.

"சரி, ஆவி வந்துச்சு. மணி ஏன் சில்லுன்னு இருக்கணும்? கூரையில உள்ள மத்த எடமெல்லாம் அப்படி இல்லையே" என்றார் ரிபாய்.

துவாரகன் ஏசியைக் காட்டினான். சுவரில் பதித்த ஏசியின் வாய்க்கு முன்னால் பரோட்டா அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, சாய்த்து ஒட்டியிருந்தது. காற்று அதில் மோதி மேலே ஏறி, கூரையோடு ஓடி, நேரே மணியில் போய் முட்டியது. இரவும் பகலும் மணி குளிர்ந்துகொண்டே இருந்தது.

எல்லோரும் சுரேஷ்குமாரைப் பார்த்தார்கள்.

"நான்தான் ஒட்டுனேன். காத்து நேரா மண்டையில அடிச்சா எனக்கு நீர் கோத்துக்கும். ரெண்டு நாள் எந்திரிக்க முடியாது, தெரியும்ல?"

அட்டையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். துவாரகன் கொதிநீரில் சட்டையை ஊறவைத்துக் கதவைத் திறந்தான். மணி பேசவில்லை. அட்டையை மறுபடி ஒட்டி, மணி குளிரும்வரை தேநீர் குடித்துவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அலறியது. "யா அல்லாஹ்" என்று ரிபாய் காதைப் பொத்திக்கொண்டார்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு. அட்டையத் தூக்கிப் போடு" என்றார் பழனிச்சாமி.

"அண்ணே, அப்ப என் தலை?"

"தலகாணிய அந்தப் பக்கம் மாத்திப் போட்டுப் படு. காத்து கால்ல படும். இதுக்குப் போயி..."

சுரேஷ்குமார் கூரையில் முன்பு குடியிருந்தவர்கள் ஒட்டிவிட்டுப் போன, தொழுகைத் திசை காட்டும் கிப்லா அம்பைக் காட்டினான். "மக்கா மேற்க இருக்கு. அப்ப அந்தப் பக்கம் வடக்கு. வடக்க தலை வச்சு யாராச்சும் படுப்பாங்களா? நீங்க படுப்பீங்களா அண்ணே?"

பழனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கட்டிலைத் திருப்பிப் போடவும் அறையில் இடமில்லை.

"கீழ்க் கட்டிலுக்குக் காத்து வராதுதானே" என்றான் துவாரகன். சுரேஷ்குமாருக்கு நேர் கீழே இருந்தது அவன் கட்டில்தான். டூட்டி அலுப்போடு வருகிறவர்கள் ஏணி ஏறாமல் சாய்வதற்குக் கண்வைக்கும் கட்டில். "நீ என்ர கட்டிலை எடு. நான் மேல போறன்."

"மேல போயி? காத்து உன் மண்டையில அடிக்குமே?"

"நான் வடக்க தலை வச்சுப் படுக்கிறன். தெற்க வச்சுப் படுத்துத்தானே வேலை போனது."

முதலில் சிரித்தவர் ரிபாய். பழனிச்சாமி அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஒங்கம்மாகிட்ட இதச் சொல்லிறாத. என்னைய வைவாங்க."

அடுத்த அழைப்பு வந்து, போய்த் திரும்பிய நடுப்பகலில் துவாரகன் வெள்ளைச் சட்டையைக் கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்தான். கதவைத் திறந்துவிட்டு மணியைப் பார்த்தபடி நின்றான். அது சும்மா இருந்தது. பலதியா ஆள் வந்து சோதனைப் புகை அடித்தபோது மட்டும், அடிக்க வேண்டியபடி அடித்தது. அனுமதியில் ஆறு பேரும் இருந்தார்கள்.

செய்தது இவ்வளவுதான்: ஏசி முன்னால் இருந்த அட்டையை எடுத்தார்கள். சுரேஷ்குமார் கீழ்க் கட்டிலில் தெற்கே தலை வைத்துப் படுத்தான். துவாரகன் மேல் கட்டிலில், காற்றுக்குக் காலைக் காட்டி, வடக்கே தலை வைத்துப் படுத்தான்.