இசபெல்லா வைத்த குழம்பு

மில் சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தோணித்துறை வாசலுக்கு வெளியே அடுக்கியிருந்த பஞ்சுப் பொதிகளின் நிழலில் பிலோமினா நின்றாள். இடுப்பில் தூக்குச்சட்டி. அடியில் சோறு, அதன்மேல் சின்னக் கும்பாவில் குழம்பு, வாழையிலைத் துண்டு போட்டு மூடியது. சட்டியின் விளிம்பு சேலையைத் தாண்டி இடுப்பில் அழுத்தியபோது சட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். காலடியில் கருவாட்டுக் கூடை இருந்தது.

உள்ளே கோதுமை மூடை இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கரைக்கு வர ஆழம் போதாமல் தூரத்தில் நின்றது. அங்கிருந்து தோணிகள் சரக்கை ஏற்றி வர, பலகைமேல் ஏறி இறங்கி ஆட்கள் முதுகில் சுமந்தார்கள். சாக்குத் தூசி படிந்து எல்லோரும் ஒரே நிறமாக இருந்தார்கள். சிலுவையை அவள் நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். மூடை முதுகில் ஏறிவிட்டால் அவன் இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைப்பான்.

சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வெளியே வந்து பவுல் மேஸ்திரியின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்து நடந்தார்கள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போதே மேஸ்திரியின் ஆள் ஆளுக்கொரு தகர வில்லை கொடுப்பான். மத்தியானம் அதைக் கடையில் கொடுத்தால் சோறு. சனிக்கிழமை கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பதினான்கு மாதமாகச் சிலுவையும் அந்தக் கும்பலோடு போனவன்தான். இன்று அவன் மட்டும் பிரிந்து பொதி நிழலுக்கு வந்தான்.

"வில்ல வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன். அவன் என்னய ஒரு மாதிரிப் பாத்தான்."

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தான். சாளை மீன் போட்ட புளிக்குழம்பும் கூனி இறால் பொடித் துவையலும் இருந்தன. முதல் உருண்டையை வாயில் வைத்தவன் பாதிச் சோறு இறங்கிய பிறகுதான் தலையைத் தூக்கினான்.

"ஏளா, நீ தின்னியா?"

"தின்னுட்டுத்தான் வந்தேன். மாமி போட்ட சட்டமில்லா."

அவன் வாயில் சோற்றோடு சிரித்தான். அம்மா செத்த பிறகு அவன் சிரித்ததை அவள் எண்ணிவிடலாம்.

மாமியார் இசபெல்லா இருந்தவரைக்கும் மத்தியானச் சோறு அவள் பாடு. அறுபது வயதிலும் வெயிலில் நடந்து வந்து மகனுக்குச் சோறு கொடுத்துவிட்டு, அப்படியே கருவாட்டுக் கூடையோடு தெருவுக்குப் போவாள். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டாள். கூடையைப் பிலோமினா எடுத்துக்கொண்டாள். காலையிலேயே சரக்கு எடுத்துத் தெருத் தெருவாகச் சுற்ற வேண்டியிருந்ததால் மத்தியானம் பொங்க முடியவில்லை. சிலுவை மேஸ்திரி கடைக்குப் போனான். கூலியில் கால் பங்கை அந்தக் கடையே தின்றது. கருவாட்டில் அவள் சம்பாதித்தது அதற்கு ஈடாகவே சரியாய்ப் போயிற்று. வீட்டுக் கூரையோ இரண்டு மழை பார்த்த ஓலை. போன ஐப்பசியில் இரண்டு பிள்ளைகளையும் மேசைக்கடியில் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து யோசித்தபோது, மாமி இருந்திருந்தால் இந்த முட்டாள்தனத்தை ஒரு வாரம்கூட விட்டிருக்க மாட்டாள் என்று பிலோமினாவுக்குத் தோன்றியது. மறுநாள் விடியுமுன் எழுந்து பொங்கினாள்.

மாமியின் சிக்கனத்தை அவள் முதலில் பார்த்தது மணப்பாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள். குசினியில் மசாலை அரைத்து வழித்துவிட்டு, அம்மியைக் கழுவிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றப் போனாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து சட்டியைப் பிடித்தது.

"ஏளா, அது தண்ணியில்ல. அது கொழம்பு."

அப்படித்தான் ஆரம்பித்தது. அரிசி களைந்த முதல் தண்ணீர் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு, இரண்டாம் தண்ணீர் குழம்புக்கு. மீன் வாங்க விடியற்காலையில் போகக் கூடாது. வெயில் ஏறி, மீன்காரிகளுக்கு வீட்டு நினைப்பு வந்த பிறகு போக வேண்டும். விறகு வாங்குவதே பாவம். தோணி கட்டுகிற இடத்தில் செதுக்கிப் போட்ட சிராய்கள் கிடக்கும். ஆசாரிகளோடு இரண்டு வார்த்தை பேசினால் சாக்கு நிறைய அள்ளி வரலாம். மீன் எண்ணெய் ஊறிய பழைய பலகைத் துண்டு கிடைத்தால் இசபெல்லாவுக்குப் பெருநாள். அது எரிகிற புகை வீடெல்லாம் நாறும். "நாத்தம் மூக்குக்குத்தான. வயித்துக்கு என்ன?" என்பாள்.

யுத்தம் வந்து பர்மா அரிசி நின்று போன வருஷங்களில் அவள் கை இன்னும் கூர்மையாயிற்று. ரேஷன் அரிசியில் புழு நெளிந்தது. அதைச் சுளகில் கொட்டிப் புடைத்து, வெயிலில் காயவைத்து, பாதிக்குப் பாதி மரச்சீனிக் கிழங்கைச் சீவிப்போட்டுப் பொங்கினாள். சிலுவை முகத்தைச் சுளித்த அன்று அந்தச் சோற்றுக்கு நடுவில் ஒரு கரண்டிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள். அவன் கும்பாவை வழித்து நக்கிய பிறகுதான் நகர்ந்தாள்.

ஆனால் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கிறவள் இல்லை அவள். குழம்பு இறக்கியதும் முதலில் தனக்குப் போட்டுக்கொண்டு குசினி மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து தின்பாள். மருமகளையும் உட்கார வைப்பாள். ஆம்பிளைக்கு முன்னால் எப்படி என்று பிலோமினா முதலில் கூசினாள்.

"பசியோட பொங்குனா கை நடுங்கும், அளவு தப்பும். அளவு தப்புனா துட்டு போச்சு. நீ தின்னுளா. அவன் வாரப்ப வரட்டும்."

இந்தக் கணக்கெல்லாம் முத்துக்குளிப்பில் படித்தது என்பாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் முத்துக்குளிப்பு நடந்தபோது, கரையில் போட்ட கொட்டகையில் குளியாட்களுக்குப் பொங்கிப்போட்டவள் அவள். புருஷனைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். முப்பது பேருக்கு எவ்வளவு புளி, எவ்வளவு வத்தல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

மூன்று வாரம் நல்லபடியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் மீனும் மற்ற நாளில் துவையலும் கிழங்குமாகப் பிலோமினா கொண்டுபோனாள். பொதி நிழலில் புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்து, மாமியைப் பற்றி ஏதாவது பேச்சு வரும். மிச்சமான காசில் ஓலைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சிலுவை சோறு தின்பதைக் கடைக்குப் போகிற ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் சீனித்தாய் என்பவள் தன் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்து பொதியின் மறுபக்கம் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர்.

அதன் பிறகு சிலுவையைக் கரித்தோணிக்கு மாற்றினார்கள். மூன்று நாள் கரிக்கூடை சுமந்து கறுப்பாய் எச்சில் துப்பினான். நாலாம் நாள் காலையில் அவன் பேரைக் கூப்பிடவில்லை. சீனித்தாயின் புருஷன் பேரையும் கூப்பிடவில்லை. அவன் அன்றைக்கே மேஸ்திரியின் ஆளிடம் போய்க் கை நீட்டி வில்லை வாங்கிக்கொண்டான். மறுநாள் அவனுக்கு வேலை இருந்தது. சிலுவை மூன்று காலைகள் வாசலில் நின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்குத் திரும்பினான்.

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்கதுக்கு என்ன இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

அன்றைக்குக் கருவாடு விற்ற காசில் பிலோமினா ஒரு விளமீன் வாங்கினாள். மாமி வைக்கிற மாதிரியே வைத்தாள். அம்மி கழுவிய தண்ணீரை ஊற்றி, குழம்பு சுண்டி எண்ணெய் மேலே வந்ததும் இறக்கி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்க்கப் போனாள்.

பவுல் மேஸ்திரி கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுக்குள் உடம்பு தடித்துவிட்டது. கோயிலில் பெருநாளுக்குத் தேர் வடம் பிடிக்கும்போது முதல் ஆளாக நிற்கிறவன். ஒரு காது கேட்காது.

"யாரு, சிலுவை வீட்டுக்காரியா? என்னளா அது?"

"வெளமீன் கொழம்பு அண்ணாச்சி. எங்க மாமி வைக்கிற மாதிரி வச்சேன்."

மூடியைத் திறந்து முகர்ந்தான். கடைக்குள் திரும்பிச் சோறு கொண்டுவரச் சொன்னான். குனிந்து தின்றான். பாதியில் கை நின்றது.

"ஒங்க மாமியா கையால தின்னு வளந்தவன் நானு, தெரியுமா? முத்துக்குளிப்பு அப்பம் நான் எளவட்டம். விடியக்காலம் வெறும் வயித்தோட கடலுக்குப் போவோம். தின்னுட்டு முங்க முடியாதுல்லா. பொழுது சாயக் கரையேறி வந்தா காதுல ரத்தம் ஒழுவும். இந்தக் காது அப்பம் போனதுதான். நான் அழுதுகிட்டு இருப்பேன். இசபெல்லாக்கா கொதிக்கக் கொதிக்கக் கொழம்ப ஊத்திட்டு, 'மொதல்ல தின்னு, பொறவு அழு'ம்பா." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "புண்ணியவதி. அவ அடக்கத்துக்குக்கூட என்னால வர முடியலை. கப்பல் நின்னுகிட்டு இருந்துது."

பிலோமினாவுக்கும் கண் கலங்கியது. இந்தச் சமயம் கேட்டால் கிடைக்கும் என்று தோன்றியது.

"அவியளுக்கு மூணு நாளா பேரு கூப்பிடலியே அண்ணாச்சி."

அவன் சோற்றை முடித்தான். குழம்புச் சட்டியை விரலால் வழித்தான். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான் யாரு பேரயும் வெட்டலளா. நம்ம கடையில திங்கவன் நம்ம ஆளு. வீட்டுச் சோறு திங்கவன் யாரு ஆளுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு செய்யி. நாளைலருந்து நீ கடையில வந்து பொங்கு. இப்பம் பொங்குதவன் கொழம்ப வாயில வைக்க வெளங்கலன்னு ஆளுவ மொணங்குதானுவ. இந்தக் கை நம்ம கடையில இருந்தா ஒருத்தன் சட்டி தூக்கிட்டு வரமாட்டான். சிலுவைக்கும் பேரு கூப்பிடச் சொல்லுதேன்."

"எனக்குக் கூலி அண்ணாச்சி?"

"ஒனக்குச் சோறு. மாசக் கடைசில பாத்துக் குடுக்கேன். இசபெல்லாக்கா மருமவளுக்கு நான் கொறை வைப்பனா?"

வீட்டில் சொன்னபோது சிலுவை சுவரைப் பார்த்துக்கொண்டே, "போவாண்டாம்" என்றான். பாயை விரித்து உட்கார்ந்து, "பொறவு என்ன செய்ய?" என்று அவனே சொன்னான். கருவாட்டுக் கூடையை அவள் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கடையின் அடுப்பு இடுப்பு உயரம் இருந்தது. நாற்பது பேருக்குச் சோறு. கடையைப் பார்த்துக்கொள்கிற வன்னியபெருமாள் அரிசி, புளி, வத்தல், எண்ணெய் எல்லாவற்றையும் படியால் அளந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றான். பிலோமினா அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்தாள். அதிலே புளியைக் கரைத்தாள். அம்மியைக் கழுவி அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள். யோசித்துச் செய்யவில்லை, கை அப்படியே செய்தது. கொதி வந்தபோது வாசனை தெருவரைக்கும் போயிற்று. முத்துக்குளிப்புக் கொட்டகையில் மாமி இப்படித்தான் புகைக்கு நடுவில் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது, அவளுக்கே ஒரு சந்தோஷம் வந்தது.

வன்னியபெருமாள் வந்து, சாமான் வைத்திருந்த ஓலைப்பெட்டியை எட்டிப் பார்த்தான்.

"புளி மிச்சம் கெடக்கே. எண்ணெயும் கெடக்கு."

"இதுவே போதும் அண்ணாச்சி."

"அப்பிடியா. இனிமே இதையே அளவா வச்சிக்கிடுவோம்." மிச்சத்தை அள்ளி உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினான்.

சோறு வடித்ததும் ஒரு கும்பாவை எடுத்தாள். "அது எதுக்கு?" என்று அவன் உள்ளிருந்து கேட்டான்.

"பசிக்கி அண்ணாச்சி. தின்னுட்டு..."

"அடுப்புக்காரிக்குக் கடைசிலதான். ஆளுவளுக்குப் பத்தாமப் போச்சுன்னா?"

கும்பாவைக் கவிழ்த்து வைத்தாள்.

சங்கு ஊதியதும் ஆட்கள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வன்னியபெருமாள் வாசலில் நின்று வில்லைகளை வாங்கி டப்பாவில் போட்டான். குழம்பு ஊற்ற ஊற்றப் பேச்சுக் குறைந்தது. யாரோ ஒரு வயதானவர், "ஏ, இன்னைக்கு யாருலே பொங்குனது?" என்றார். சிலுவை கடைசி வரிசையில் சுவரோரமாக இருந்தான். மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு மூடை சுமந்ததில் அவன் தோள் காய்ப்பு வெடித்துச் சிவந்திருந்தது. அவள் சோற்றைப் போட்டு ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றினாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெரிய பெரிய உருண்டையாகப் பிசைந்து வாயில் போட்டான். இலை சீக்கிரமே வெறுமையாயிற்று. விரலால் இலையை வழித்தான்.

பிலோமினா சுற்றி வந்து அவன் முன்னால் மறுபடி குனிந்தாள். கரண்டியில் ஒரு துண்டு மீனும் இருந்தது.

"மறுசோத்துக்கு இன்னொரு வில்ல," என்றான் வாசலில் இருந்து வன்னியபெருமாள். "யாரா இருந்தாலும்."

சிலுவை இரண்டு கைகளையும் இலைக்குமேல் விரித்தான். எச்சில் கையும் மற்றக் கையும் சேர்ந்து இலையை மூடின.

"போதும்," என்றான்.

கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு அவன் புறங்கையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து அடுப்புப் பக்கம் நடந்துபோய், கரண்டியில் இருந்ததை மீனோடு அண்டாவில் திரும்ப ஊற்றினாள்.