காபிக்கடை வெளிச்சம்

நாற்பத்து நான்காம் ஒளிமாற்ற எண்ணுக்கு மேடை இருண்டபோதுதான் ஏதோ தவறு என்று ஷிராஸுக்குப் பட்டது.

நான்கே நொடி இருட்டு. பகல் மூன்று மணி ஆட்டம். வெளியே சூஸ் நகரத்து ஜூலை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அரங்குக்குள் ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. அந்த நான்கு நொடியும் மேடை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால், விளக்குகளை இயக்கும் கன்சோலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்திருந்த மடிக்கணினியில், அதே மேடை சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. தரைப்பலகை தெரிந்தது, திரை தெரிந்தது, நடிகை யுஸ்ரா நிற்க வேண்டிய இடத்தில் ஷிராஸ் நிறுத்தி வைத்த பொம்மை உருவமும் தெரிந்தது.

கணினி முந்தின எண்ணிலேயே நின்றுவிட்டது போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு லா மர்ஸா காபிக்கடை ஞாபகம் வந்தது.

ஆறு வாரத்துக்கு முந்தைய கதை அது. நாடக விழாக்காரர்கள் ஆட்டத்தன்று காலையில்தான் அரங்கைத் திறந்துவிடுவார்கள். அதற்கு முன்பே ஒளி மாற்றங்கள் அத்தனையையும் எண் போட்டு, கணினிக்குள் ஒரு மேடை கட்டி முடித்தாக வேண்டும். அதற்கான மென்பொருள் மூன்றை ஷிராஸ் சோதனைக்கு இறக்கி வைத்திருந்தாள். இயக்குநர் நெஜீப், தானும் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதையும் எங்கே வைத்துப் பார்க்கிறார் என்றால், அவர் பொழுது விடிந்தால் போய் உட்காரும் கடற்கரைக் காபிக்கடையில், நட்டநடு மத்தியானத்தில், மேஜை மேல் வெயில் நேராக அடிக்கும்போது. ஆட்டத்தின் கடைசிக் காட்சி முழுக்க ராத்திரி. முதல் மென்பொருளில் திரை கறுப்பாக இருந்தது. இரண்டாவதிலும் கறுப்பு.

"என்ன பொண்ணே, கரிமூட்டையைத் தூக்கிட்டு வந்து காட்டுறே?" என்றார் நெஜீப், பைன் பருப்பு மிதந்த தேநீரைக் கலக்கிக்கொண்டே.

"ராத்திரிக் காட்சி, ஸி நெஜீப். இருட்டாத்தான் இருக்கும்." மரியாதைக்கு எல்லோரும் அவரை "ஸி" போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"இருட்டைப் பார்க்கவா நான் இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்? வீட்டுல கண்ணை மூடிக்கிட்டா போதுமே."

மூன்றாவது மென்பொருளில் ஓரத்தில் ஒரு பட்டை இருந்தது. சுற்றுப்புற வெளிச்சம் என்று அதற்குப் பெயர். விளக்கே இல்லாவிட்டாலும் படம் கண்ணுக்குத் தெரிவதற்காக வைத்தது. ஷிராஸ் அதை மேலே தள்ளினாள். வெயிலிலும் மேடை பளிச்சென்று எழுந்து வந்தது.

"இதுதான் மென்பொருள்!" என்று மேஜையைத் தட்டினார் நெஜீப். "மத்த ரெண்டும் குருடு."

முதலாவதுதான் உண்மையைக் காட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நான்கு மாதமாகக் கூப்பிட ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, நெஜீபின் ஆட்டம் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம். தலையாட்டிவிட்டாள். பட்டையை இறக்க மறந்தாள். ஆறு வாரமும் அந்தக் காபிக்கடை வெளிச்சத்திலேயே உட்கார்ந்து நாற்பத்தொன்பது எண்களையும் அமைத்து முடித்தாள். இன்று காலை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். விளக்கு லாரி சுங்கச்சாவடியில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. முதல் பாதியை மட்டும் ஓட்டிப் பார்க்கவே நேரம் இருந்தது.

நாற்பத்தேழாம் எண்ணில் இருபது நொடி இருட்டு. அவள் பொத்தானை அழுத்தியதும் மேடை அணையும். அதே எண்ணில் மேடைக்கு அடியில் ஒரு பச்சை பல்பு எரியும். அதைப் பார்த்து, அங்கே காத்திருக்கும் பஷீர் தரைக்கதவைத் திறப்பான். யுஸ்ரா பின்பக்கமாகவே ஒன்பது அடி நடந்து, திரும்பி, குழியின் விளிம்பில் நிற்க வேண்டும். பத்தாவது அடி வைத்தால் மூன்று மீட்டர் பள்ளம். கீழே சிமெண்டுத் தரை.

ஒத்திகை நடந்த பள்ளிக்கூட மண்டபத்தில் குழி கிடையாது, தரையில் ஒட்டிய வெள்ளை டேப்தான். "அக்கா, அங்க விளிம்பு தெரியுமா?" என்று யுஸ்ரா கேட்டதும், "இதோ பாருடி, எவ்வளவு நல்லாத் தெரியுதுன்னு" என்று கணினியைக் காட்டியவளும் ஷிராஸ்தான். இருட்டில் மின்னும் டேப்பை விளிம்பில் ஒட்டட்டுமா என்று மேடை நிர்வாகி ஹயாத் கேட்டபோது, அசிங்கமாக இருக்கும், வேண்டாம் என்று தடுத்தவளும் அவள்தான். இப்போது யாரைக் குற்றம் சொல்வது?

ஹெட்செட்டை வாயருகே இழுத்தாள். "ஹயாத், நாப்பத்தேழுல கதவு வேண்டாம். பஷீர்கிட்ட சொல்லிடு."

"பஷீர்கிட்ட ஹெட்செட் ஏது? பல்பு எரிஞ்சா திறப்பான். பல்பு உன் கையில இருக்கு."

"அப்போ யுஸ்ராகிட்ட சொல்லு!"

"அவ மேடையில இருக்கா. ஜனங்க முன்னாடி கூவியா கூப்பிடுறது? உனக்கு என்னடி ஆச்சு? பேசாம இரு. நாப்பத்தேழு, தயார்."

தயார் என்று சொல்லிவிட்டால், போ என்ற சொல் வரும்வரை ஹெட்செட்டில் யாரும் மூச்சுக் காட்டக்கூடாது. பதினோரு வருடமாக ஷிராஸ் அந்த விதியை மீறியதில்லை.

"அவ கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது ஹயாத், குழிக்குள்ள விழுந்துடுவா!"

"தயாருக்கு அப்புறம் யார் பேசுறது?" என்று ஹயாத் சீறினாள்.

பக்கத்து நாற்காலியில் நெஜீப் முழங்கையால் இடித்தார். "வாயை மூடு. மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"நான் அழுத்தப் போறதில்ல. இது நிஜ இருட்டு ஸி நெஜீப். கணினியில நாம பார்த்தது பொய்."

"முப்பது தடவை நடந்தவ. எண்ணி எண்ணி வருவா."

"கீழே பார்த்துப் பார்த்து நடந்தா!"

"போ," என்றது ஹயாத்தின் குரல்.

ஷிராஸ் இரண்டு கைகளையும் தூக்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டாள். நெஜீபின் கை அவளைத் தாண்டி வந்து பொத்தானை அழுத்தியது.

இருட்டு விழுந்தது. எங்கோ அடியில் கதவு நகரும் சத்தம் மெல்லக் கேட்டது. மேளம் அடித்தது. அதற்கிடையே யுஸ்ராவின் மரச்செருப்பு ஒலித்தது. டக். டக். ஷிராஸ் கூடவே எண்ணினாள். வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர்களில் பக்கவிளக்கினுடையதைத் தேடி விரலை ஓட்டினாள். பதினோரு வருடம் பழகிய கன்சோல், ஆனாலும் கை தவறான ஃபேடரைத்தான் ஏற்றியது, ஒன்றும் எரியவில்லை. நான்கு. ஐந்து. மடிக்கணினியில் பொம்மை யுஸ்ரா விளிம்பில் ஒயிலாக நின்றாள், ஒரு முடிகூடக் கலையாமல். ஏழு. எட்டு.

ஒன்பது கேட்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

"யா ரப்பி, இறைவா," என்று அலறிவிட்டாள். முன்வரிசையில் யாரோ திரும்பினார்கள். கையில் அகப்பட்ட ஃபேடர்களை எல்லாம் மொத்தமாக மேலே தள்ளினாள்.

யுஸ்ரா தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த செருப்பைக் காணோம். இரண்டு கைகளாலும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கத்தில் கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"ஆகா!" என்றார் நெஜீப், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பயத்தைப் பாரு முகத்துல! அடுத்த ஆட்டம், ஸ்பாக்ஸ் ஊர்லயும் இப்படியே உட்காரச் சொல்லிடு."

ஷிராஸ் மேடையையே பார்த்துக்கொண்டு அடுத்த எண்ணுக்கு விரலை நகர்த்தினாள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் யுஸ்ரா ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு கன்சோலுக்கு வந்தாள். முழங்காலுக்குக் கீழே நீளமாகச் சிராய்த்திருந்தது. ஷிராஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

"எப்படிடி நின்னே?"

"குதிகால்ல சில்லுனு காத்து பட்டுச்சு அக்கா. இந்த வேக்காட்டுல சில்லுனு காத்து எங்கேருந்து வருதுன்னு நினைச்சேன். இருட்டுல அடி நீண்டுடுச்சு போல, ஒன்பதாவதுலயே ஒரு கால் தரையில இல்ல. அப்படியே உட்கார்ந்துட்டேன்." அவள் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இங்கேருந்து நான் தெரிஞ்சேனா? நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

ஷிராஸ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். நாற்பத்தேழாம் எண் இன்னும் திரையில் இருந்தது. சாம்பல் வெளிச்சம், வெள்ளையாகத் தெரியும் விளிம்பு, அதன்மேல் பத்திரமாக நிற்கும் பொம்மை.

"இதைத்தான் பார்த்தேன்," என்றாள். "ஆறு வாரமா இதைத்தான் பார்த்தேன்."

யுஸ்ரா குனிந்து பார்த்தாள்.

"நல்லா நிக்கிறா," என்றாள். "ஸ்பாக்ஸுக்கு இவளைக் கூட்டிட்டுப் போங்க."

கையை விடுவித்துக்கொண்டு, மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள்.